பதினோரு படத்தில் செத்தவர்

சின்னமனூர் பலவேசம் சினிமாவில் பதினோரு தடவை செத்தவர். பதினோரு தடவையும் குதிரையிலிருந்து விழுந்துதான் செத்தார். பன்னிரண்டாவது தடவை அவர் விழுந்தது போன ஆவணி மாதம், சொந்த வீட்டுக் குளியலறை வாசலில், சோப்புத் தண்ணீரில். குதிரை ஏதும் கிடையாது. காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு மட்டும் இருந்தது. இடது இடுப்பெலும்பு முறிந்தது.

எழுபத்தாறு வயதில் வழுக்கி விழுவது யாருக்கும் நடக்கும். விழுந்த பிறகு அவர் செய்ததுதான் வேறு யாரும் செய்யாதது. ஒன்றுமே செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அய்யம்மாள் தன் ஆடுகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், ஓடி வந்திருப்பாள். அவர் கொடுக்கவில்லை. மனைவி முத்துப்பேச்சி ரேஷன் கடையிலிருந்து அரிசியோடு திரும்பி வந்துதான் பார்த்தாள்.

"ஏன் பெரியவரே, கூப்பிட வேண்டியதுதானே?" என்று தேனியில் எலும்பு டாக்டர் கேட்டாராம்.

"விழுந்தவன் சத்தம் போடக்கூடாது சார். சத்தம் போட்டா குதிரை மிரளும், டேக் வீணாயிரும். கட் சொல்ற வரைக்கும் கெடக்கணும். அதுதான் தொழில்" என்றாராம் பலவேசம்.

இந்தக் கதையை முதல் நாளே ஞானசெல்வியிடம் அவரே சொன்னார், பெருமையாக. ஞானசெல்வி அவர் குதிகாலைத் தூக்கிப் புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்திருந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் தோல் கிழிந்திருக்கும்.

"ஒன்றரை மணி நேரம் ஒரு முனகல் இல்ல, நர்சம்மா."

"நான் நர்ஸ் இல்லீங்கய்யா. வீட்டுக்கே வந்து பாத்துக்கிற ஆளு. காலை நல்லா மடக்குங்க."

தேனி பஜாரில் நூல்கடை வைத்திருந்த குடும்பம் அவளுடையது. கணவர் போனபின் ஐம்பத்தோராவது வயதில் மதுரைக்குப் போய், மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து, ஆறு மாதம் நோயாளிப் பராமரிப்புப் படித்தாள். இந்தப் பதிமூன்று வருடத்தில் எத்தனையோ ஆண்களைக் கழுவிவிட்டிருக்கிறாள். ஓய்வுபெற்ற தாசில்தாரும் அதில் உண்டு, லாரி முதலாளியும் உண்டு. எல்லாருக்கும் ஒரு பழம்பெருமை இருக்கும். பேசவிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஆனால் பெருமைக்கும் ஏதாவது ஒரு அடிப்படை வேண்டும் என்பது அவள் கட்சி.

காலை பஸ்ஸில் எட்டு மணிக்கு வந்தால் சாயங்காலம் ஐந்து வரை அவளுக்கு வேலை. பலவேசத்தை உட்காரவைத்து, நிற்கவைத்து, வாக்கர் பிடித்து நடக்கவைக்க வேண்டும். ஆனால் மூன்றாம் நாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள், இந்த வீட்டில் நோயாளி இரண்டு பேர் என்று. முத்துப்பேச்சி எங்கே உட்கார்ந்தாலும் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். குடத்தைத் தூக்குமுன் ஒரு கையைச் சேலைக்குள் விட்டு எதையோ மேலே தள்ளிக்கொண்டாள்.

"எத்தனை வருஷமா இருக்கு அக்கா?"

"எது?"

"என்கிட்ட எதுன்னு கேக்காதீங்க."

ஆறு வருடமாக. கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்திருந்தது. உராய்ந்து உராய்ந்து புண்ணாகியிருந்தது. மதுரையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்து, அவள் இரண்டு தடவை போகாமல் விட்டிருந்தாள். ஒரு தடவை மகன் குடும்பத்தில் பிரச்சினை. இன்னொரு தடவை இவருடைய இடுப்பு. மூன்றாவது தேதி அடுத்த வியாழக்கிழமை. இதையும் விட்டால் புண் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்று அங்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை அவள் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள்.

"போறதுக்கென்ன? நான் பகலெல்லாம் இருக்கேன்ல?"

"ராத்திரி?"

ராத்திரிதான் சிக்கல். ஞானசெல்வி வீட்டில் தொண்ணூறு வயது மாமியார் கிடந்தாள், அதனால் இரவு தங்க முடியாது. மகன் திருப்பூரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் அழுவான், பஸ் ஏறமாட்டான். மிச்சம் அய்யம்மாள் ஒருத்திதான்.

"ஆம்பள தனியாக் கெடக்கிற வீட்டுல நான் வந்து படுக்க முடியுமா மதினி? எங்க வீட்டுக்காரருக்கு எழுபது வயசுல சந்தேகம் முளைக்கும்" என்றாள் அய்யம்மாள். "ஆனா ஒரு சுவருதானே நடுவுல. அண்ணன் ஒரு சத்தம் கொடுத்தாகன்னா நாங்க ரெண்டு பேரும் அடுத்த நிமிசம் இங்கன நிப்போம். சத்தம் கொடுக்கணும்ல?"

ஆக, முத்துப்பேச்சியின் உயிர் ஒரு மனிதன் வாயைத் திறப்பதில் போய் நின்றது. ஞானசெல்வி கம்பியில்லாத மணி ஒன்று வாங்கி வந்து கட்டிலில் கட்டினாள். "நான் என்ன, ஆபீஸ்ல பியூனக் கூப்பிடுற மேனேஜரா?" என்று பலவேசம் அதைக் கழற்றித் தலையணைக்கடியில் போட்டார். போன் அலமாரியில் இருந்தது. மணியோ போனோ, அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்தால்தான் உதவும். கக்கூஸ் வழியில் விழுந்தவன் கைக்கு எட்டுவது அவன் வாய் ஒன்றுதான்.

"ஐயா, எங்க, ஒரு தடவ 'அய்யம்மா'ன்னு கூப்பிடுங்க பாப்போம்."

பலவேசம் சிரித்தார். மீசைக்குச் சாயம் பூசியிருந்தார். இடுப்பில் கம்பி வைத்துத் தைத்த மூன்றாவது வாரம், மனைவியிடம் கேட்டு வாங்கிப் பூசிய சாயம் அது. "அதெல்லாம் நமக்குப் பழக்கமில்ல நர்சம்மா. நான் ஆர்ட்டிஸ்ட்."

இந்த ஆர்ட்டிஸ்ட் உருவான கதையை அவர் தினம் ஒரு பகுதியாகச் சொன்னார். முத்துப்பேச்சி வெங்காயம் உரித்துக்கொண்டே திருத்தங்கள் சொன்னாள். இரண்டையும் சேர்த்து ஞானசெல்வி உண்மையை எடுத்துக்கொண்டாள்.

அவருடைய அப்பா மேகமலை எஸ்டேட்டுகளுக்கு மட்டக்குதிரையில் அரிசியும் சாமானும் ஏற்றியவர். எழுபத்தொன்றில், தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரைப் படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கம்பெனி மலையடிவாரத்துக் கள்ளிக்காட்டில் நாலு பலகை வீடு கட்டி, ஒன்றின் மேல் இங்கிலீஷில் பேங்க் என்று எழுதியது. குதிரை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். இருபத்திரண்டு வயதுப் பலவேசம் அப்பாவின் குதிரையோடு போனார். பேங்க்கைக் கொள்ளையடித்து ஓடுகிற எட்டுப் பேரில் ஒருத்தர். முகத்தில் கைக்குட்டை கட்டி, கதாநாயகன் சுட்டதும் விழ வேண்டும். விழுந்தார். நன்றாக விழுந்தார் என்றார்கள். கம்பெனி போனபின் ஊர்க்காரர்கள் பலகைகளைப் பிரித்து ஆட்டுக்கொட்டகை போட்டார்கள். பேங்க் என்ற எழுத்தோடு அது இருபது வருடம் நின்றது. பலவேசத்தின் சினிமா நாலு வருடம் நின்றது.

அந்த நாலு வருடம் மெட்ராஸில் மெக்சிகோ பலவேசம் என்று பேர் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் படுக்கும் அறையில் பதினோராவது ஆளாகப் படுத்துக்கொண்டு, இன்னும் பத்துப் படங்களில் விழுந்தார். எல்லாவற்றிலும் கைக்குட்டை. எல்லாவற்றிலும் முதல் சண்டையிலேயே சாவு. பிறகு குதிரைப் படத்துக்குக் கூட்டம் குறைந்தது, தயாரிப்பாளர்கள் குதிரையை விட்டுக் குடும்பத்துக்குத் திரும்பினார்கள், இவர் சின்னமனூருக்குத் திரும்பினார். டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழித்தார். தான் நடித்த படம் வந்தால், தான் சாகும் நேரம் பார்த்துத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று கையைக் காட்டுவார். கொட்டகை மூடியது. அதோடு அவரும் உழைப்பிலிருந்து ஓய்வு பெற்றார். வயது முப்பத்தைந்து.

"அப்புறம்?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

"அப்புறம் என்ன? நாலு பேரு மதிக்கிற மாதிரி இருந்தேன்" என்றார்.

"அப்புறம் நான் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன்" என்றாள் முத்துப்பேச்சி.

முப்பது வருடம் போனாள். கொத்து வெட்டிப் பெட்டியில் அடுக்கி, தலையில் வைத்து, தோட்டத்திலிருந்து ரோட்டுக்குச் சுமந்தாள். பிள்ளை பெற்ற இருபதாம் நாளும் சுமந்தாள். ஆறு வருடமாக வெளியே வந்து நின்றது அந்தச் சுமைதான். ஞானசெல்விக்கு இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. வாசலில் எந்நேரமும் வந்து உட்காருகிறவர்களிடம் பேசிக்கொண்டு அந்த முப்பது வருடமும் இந்த மனிதர் எந்தக் குதிரையில் போனார் என்றுதான் தெரியவில்லை.

குடித்துவிட்டு வந்து முற்றத்தில் விழுந்த நாட்களும் உண்டு. அப்போதும் அசையமாட்டாராம். முத்துப்பேச்சி பக்கத்தில் போய் "கட்" என்று சொன்னால்தான் எழுந்து உட்காருவாராம். இதை அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சிலர் வீட்டில் ஆட்டுக்கல் ஒரு பக்கமாய்த்தான் சுற்றும் என்பதுபோலச் சொன்னாள்.

சனிக்கிழமை உத்தமபாளையத்திலிருந்து சூரியபிரகாஷ் என்றொருவர் வந்தார். பேங்க் ஊழியர், நாற்பது வயது. பழைய குதிரைப் படங்களைப் பற்றி முகநூலில் எழுதுகிறவர். கையில் ஆப்பிள் பையும், செல்போனில் ஒரு படமும் கொண்டுவந்தார். பலவேசம் ஒரு மணி நேரம் முன்னாலேயே சட்டை மாற்றி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டார். அன்றைக்கு நடைப் பயிற்சி கிடையாது என்று தானே அறிவித்தார்.

"ஐயா, இந்த சீன்ல நீங்க எது?" என்று சூரியபிரகாஷ் போனை நீட்டினார்.

எட்டுக் குதிரைகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. எல்லாரும் முகத்தை மூடியிருந்தார்கள்.

"ரைட்ல இருந்து மூணாவது."

"அவர் விழவே இல்லையே ஐயா. அவர் கடைசி வரைக்கும் ஓடுறார்."

"அப்ப நாலாவது."

முத்துப்பேச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அதுவும் அவுக இல்ல. அவுக எப்பவும் குதிரைக்கு அந்தப் பக்கந்தான் விழுவாக. வாலு மறைச்சிரும். தெரியாது."

சூரியபிரகாஷ் நல்ல மனிதர். வாலை நிறுத்திவைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். வாலுக்குப் பின்னால் ஒரு பூட்ஸ் தெரிந்தது. "இதுதானே?" என்றார். "அதேதான்!" என்றார் பலவேசம். ஞானசெல்வி சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போனாள்.

"வசனம் ஏதாவது பேசியிருக்கீங்களா ஐயா?"

பலவேசம் கைக்குட்டையைச் சரிசெய்தார். "எனக்கு வசனம் தேவைப்படல தம்பி. உடம்பாலயே பேசிட்டேன்."

"ஒண்ணு குடுத்தாக" என்றாள் முத்துப்பேச்சி.

"ஏய்."

"குடுத்தாகளா இல்லையா? ஒம்பதாவது படத்துல. ஓடி வந்து, 'பாலத்துல நாலு பேரு நிக்கிறாங்க பாஸ்'னு சொல்லணும். மூணு நாளு ரூம்ல சொல்லிப் பழகினாகளாம். கேமரா ஓடுனதும் வாயத் தெறந்தாக, காத்துதான் வந்துச்சு. பதினாலு தடவ. அப்புறம் டைரக்டரு, 'இவரப் பாலத்துலயே சுட்டுருங்கப்பா'ன்னுட்டாரு. எனக்குக் கலியாணத்தன்னிக்கு அவுக கூட்டாளி சொன்னது."

சூரியபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். "அப்ப ஊமைப்பட நடிகர் மாதிரி" என்றார், ஆறுதலாக.

"ஊமைப்படத்துலகூட வாயசைப்பாகளே தம்பி" என்றாள் முத்துப்பேச்சி.

அடுப்படியில் நின்ற ஞானசெல்விக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. விஷயம் இதுதானா? தொழில், டேக், குதிரை மிரளும் என்றதெல்லாம் சும்மா. வாய் வரவில்லை, வராத வாய்க்கு ஐம்பது வருடமாகக் கலை என்று பேர் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார். குப்புற விழுந்தவன் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொன்னால் சகித்துக்கொள்ளலாம். அந்த மண்ணைத் துடைக்க இன்னொருத்தி கர்ப்பப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும் என்றால் எப்படி? பயந்தவர்களை அவளுக்குப் பிடிக்கும். சொல்லிவிடுவார்கள், மருந்து கொடுக்கலாம். பயத்துக்குப் பூட்ஸ் மாட்டிவிடுகிறவர்களைத்தான் பிடிக்காது.

அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முத்துப்பேச்சி வாசல்வரை வந்தாள். "செல்வி, நான் அந்தத் தேதிய மாத்திக்கிறேன். அவுக கூப்பிட மாட்டாக. நான் அங்கன படுத்துக்கிட்டு இங்கன என்ன ஆச்சோன்னு செத்துக்கிட்டிருக்கணும்."

"மாத்துனீங்கன்னா திங்கக்கிழமை நான் வரமாட்டேன்" என்றாள் ஞானசெல்வி. சொன்னபடி செய்கிற ஆள்தான். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தபின், திங்கட்கிழமை வரத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

திங்களும் பயிற்சி தோற்றது. சூரியபிரகாஷ் அந்தப் பூட்ஸ் படத்தை முகநூலில் போட்டு, இருநூற்றுச் சொச்சம் பேர் கைதட்டியிருந்தார்கள். பலவேசம் வாக்கரைப் பிடித்து ஆறு அடி நடந்தார், ஏழாவதுக்கு ஓய்வு கேட்டார். 'அய்யம்மா'வுக்கு உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அடுப்படியில் முத்துப்பேச்சி பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள், ஞானசெல்வி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அறையில் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது.

ஞானசெல்வி நிலைப்படியில் நின்று பார்த்தாள். அலமாரியில் இருந்த சீப்பை எடுக்க வாக்கர் இல்லாமல் எழுந்திருக்கிறார். முழங்கால் மடங்கி, கட்டில் ஓரமாகவே வழுக்கி, துவைக்க எடுத்துப்போட்டிருந்த போர்வை மூட்டையில் உட்கார்ந்திருந்தார். தலை எங்கும் படவில்லை. உட்கார்ந்தவர் அதோடு விடவில்லை. மெல்லச் சரிந்து படுத்தார். காலை நீட்டினார். ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணை மூடினார்.

அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். இரண்டு கால்களும் ஒரே நீளம். பாதம் வெளிப்பக்கம் திரும்பவில்லை. மூச்சு சீராக இருந்தது. உதட்டு நிறமும் சரி. வலியில் இருக்கிறவன் சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டே சாகமாட்டான். திரும்பி அடுப்படிக்கு வந்தாள்.

முத்துப்பேச்சி எழுந்து ஓடத் தயாராக இருந்தாள். ஞானசெல்வி அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "ஒண்ணும் இல்ல. மெத்து மெத்துன்னு கெடக்காக. உக்காருங்க."

"நான் போயி கட் சொல்லிட்டு வந்துர்றேன் ஆத்தா. எந்திரிச்சிருவாக."

"சொல்லக்கூடாது. அவுக கூப்பிடட்டும்."

"பாவம்டீ."

"யாரு?"

முத்துப்பேச்சி பீர்க்கங்காயைத் திரும்ப எடுத்தாள். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஞானசெல்வி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிலைப்படிக்குப் போய் மூச்சைப் பார்த்து வந்தாள். நாலாவது தடவை போனபோது அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடினார். பத்து நிமிடம். பன்னிரண்டு. தெருவில் குல்பி ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. முத்துப்பேச்சி வழக்கம்போல ஒருபக்கமாகச் சாய்ந்து, சேலைக்குள் கையை விட்டாள். அந்தக் கையை வெளியே எடுத்தபோது விரலில் ரத்தம் இருந்தது. கொஞ்சம்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, அறைக்குள் கேட்கும்படி, திராட்சைத் தோட்டத்தில் அடுத்த வரிசைக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"செல்வி! வியாழக்கிழமை நான் மதுரைக்குப் போறேன். கூப்பிட்டாலும் போறேன். கூப்பிடாட்டியும் போறேன். அவுக அங்கன கெடந்து சாகிறதுன்னா சாகட்டும். பதினோரு தடவ பழக்கம் இருக்குல்ல!"

அறைக்குள் போர்வை மூட்டை சரசரத்தது.

"ஏ…"

துருப்பிடித்த கேட் திறப்பதுபோல இருந்தது அந்தச் சத்தம். முத்துப்பேச்சி பாதி எழுந்தாள். ஞானசெல்வி கையைக் காட்டினாள்.

"ஏ பேச்சி… இங்கன… விழுந்துட்டேன்."

"கேக்கலீங்கய்யா!" என்றாள் ஞானசெல்வி, இருந்த இடத்திலிருந்தே. "நாங்க மதுரையில இருக்கோம். அய்யம்மாளுக்குக் கேக்கணும்."

"பொம்பளையா நீ? பேயி!"

"இதுவும் அய்யம்மாளுக்குக் கேக்காது."

"அய்யம்மா!" என்று கத்தினார் பலவேசம். அந்தக் குரல் அவர் தொண்டையில் ஐம்பது வருடமாக எங்கே கிடந்ததோ, ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்கா எழுந்து பறந்தது. "ஏ அய்யம்மா! வா, ஆத்தா! தூக்குங்கடீ என்னைய!"

அய்யம்மாள் கையில் குழைக் கட்டோடு, பின்னால் ஒரு ஆட்டோடு வந்து நின்றாள். "என்ன, என்ன? யாரு செத்தா?"

"இன்னைக்கு யாரும் சாகல" என்றாள் ஞானசெல்வி. அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். ஞானசெல்வி முகத்தைத் துடைத்துவிட்டாள். மீசைச் சாயம் துணியில் வந்தது. "நல்லாக் கூப்பிட்டீங்க" என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டில் தனக்காக ஒரு குரல் கொடுத்ததற்குச் சால்வை போர்த்த வேண்டுமா என்ன?

வியாழக்கிழமை முத்துப்பேச்சி மகனோடு போனாள். ஆம், மகன் வந்துவிட்டான். ஞானசெல்வி போனில் இரண்டு நிமிடம் பேசியிருந்தாள், என்ன பேசினாள் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஞானசெல்வி வந்தபோது அய்யம்மாள் கண் சிவந்து வாசலில் நின்றாள். "ஒம்பது தடவ! தண்ணிக்கு ஒண்ணு, ஃபேனுக்கு ரெண்டு, கொசுவுக்கு ஒண்ணு. ஒரு தடவ எதுக்குன்னு கேட்டா, 'முழிச்சிருக்கியான்னு பாத்தேன்'ங்கறாக. எங்க வீட்டுக்காரரு தலைக்குத் துண்டக் கட்டிக்கிட்டு ஆட்டோட போயிப் படுத்துட்டாரு. இதுக்கு முன்னால இருந்ததே தேவல, செல்வி."

"அஞ்சு நாள் பொறுத்துக்கங்க."

சனிக்கிழமை மதியம் முத்துப்பேச்சி பேசினாள். குரல் தெளிவாக இருந்தது. ஆபரேஷன் முடிந்தது, ரத்தம் ஏற்றவில்லை, கஞ்சி கொடுத்தார்கள், பக்கத்துக் கட்டில் பெண் ஆண்டிபட்டிக்காரி.

"அவுக சத்தம் போடுறாகளா?"

"நிறுத்துறதுக்கு என்ன வழின்னு தெரியல."

"நல்லது." முத்துப்பேச்சி குரலைத் தாழ்த்தினாள். "செல்வி, டாக்டரம்மா திங்கக்கிழமை போகலாம்னு சொன்னாக. நான் வியாழன் வரைக்கும் கேட்டிருக்கேன். வீட்டுல குடம் தூக்கணும்னு சொன்னேன், சரின்னுட்டாக."

"அதுக்கடுத்த வியாழன் கேளுங்க."

"கேக்கவா?"

"கேளுங்க அக்கா. நான் இருக்கேன்."

அறையிலிருந்து பலவேசம் கூப்பிட்டார். 'நர்சம்மா' என்றல்ல, அவள் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஞானசெல்வி போனை வைத்துவிட்டு, உட்கார்ந்து, தம்ளரில் இருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவர் இரண்டாம் தடவை கூப்பிட்டார், இன்னும் சத்தமாக.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் தம்ளரைக் கழுவப் போனாள்.